வேங்கிக்கால் டூ இருங்காட்டுக்கோட்டை... எந்த டயர்ல போலாம்?

திருவண்ணாமலைக்கு வருகிற எல்லோரும் அண்ணாந்து மலையைப் பார்ப்பார்கள். நாம இன்னிக்கு கொஞ்சம் குனிஞ்சு பார்க்கலாமா? மலையை இல்ல பாஸ்... டயரை!

அதற்குச் சரியான இடம் வேங்கிக்கால். ஊருக்கு வடக்கே, வேலூர் ரோட்டில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஏரியா. ஒரு பக்கம் மனுவோடு வந்த கிராமத்து ஜனம், இன்னொரு பக்கம் காலேஜ் பஸ்ஸைத் துரத்துகிற நம்ம ஜனம். பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்காக வந்து குவிகிற வண்டிகள் வேறு. ரோட்டோரம் ஒரு டீயை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள். கரும்பு ஏற்றின டிராக்டரின் ராட்சஸ டயர், லாரியின் ரீட்ரெட் டயர், ஷேர் ஆட்டோவின் மொட்டை டயர், கம்பெனி கொடுத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு பைக்கில் மாட்டின குண்டு டயர்... ரப்பர் கண்காட்சியே நடக்கும்.

அந்தக் கடைசி ஆசாமி இருக்கிறாரே, அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. ரோட்டில் முறுக்கினது போதும், ஒரு நாளாவது நிஜமான ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கணும் என்று ஆசை இருக்கிறதா? பைக்கோ காரோ, முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். எந்த டயர் போடறது?

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்தக் கேள்வி சென்னைப் பசங்களைவிட ஒரு படி கஷ்டமானது. காரணம், தூரம். பக்கத்தில் இருக்கிற டிராக்கே இருங்காட்டுக்கோட்டை. வேங்கிக்காலிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வசதியான டீம்கள் வண்டியை லாரியில் ஏற்றி, ரேஸ் டயரைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொள்வார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்தக் கொடுப்பினை ஏது? எந்த டயரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்களோ, அதே டயரில்தான் டிராக்கில் சுற்றணும். அதே டயரில்தான் ராத்திரி, மழை பெய்தாலும், ஆரணி தாண்டித் திரும்பி வரணும்.

எனக்குத் தெரிந்த நாலு பேர், ஃபைனல் இயர் மெக்கானிக்கல். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய ஸ்விஃப்ட். அதுவும் ஒருத்தனோட அப்பா வண்டி! டிராக் டேக்குப் பணம் கட்டியாச்சு. டயருக்குக் கையில் மிச்சம் இருந்தது 22,000 ரூபாய். ஒருத்தன் சொன்னான், "முன்னாடி ரெண்டுக்கு மட்டும் காஸ்ட்லியா, சாஃப்ட்டா டயர் போடலாம்டா." இன்னொருத்தன், "கோயம்புத்தூர்ல ஒரு டீம் யூஸ் பண்ணின ஸ்லிக்ஸ் செட் பாதி விலைக்கு வருது மச்சி." மூணாவது ஆள், "நாலும் சாதா டயரே புதுசா போடுவோம்." நாலாவது ஆள் வண்டிக்காரன். அவன் எதுவும் பேசவில்லை. அப்பாவை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பான்!

இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு சொல்லணும்னா, முதலில் ஒரு விஷயம் தெளிவாகணும்.

ரேஸ் கார்லயும் மொட்டைதானே மச்சி?

டிவியில் ஃபார்முலா ஒன் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அவங்க டயர்ல பட்டனே இல்லையே, அப்புறம் என் டயர்ல பட்டன் தேஞ்சா மட்டும் பஞ்சர் கடை அண்ணன் ஏன் திட்டறார்?

அண்ணன் சரியாகத்தான் திட்டுகிறார். காய்ந்த தார் ரோட்டில் எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. பட்டனுக்கு நடுவில் இருக்கிற பள்ளம் தரையைத் தொடுவதில்லை. அதனால் அதை எடுத்துவிட்டு முழுசாக ரப்பரை வைத்தால் அது ஸ்லிக். ஆனால் ஸ்லிக்கின் சூட்சுமம் அதன் வழுவழுப்பில் பாதிதான். மீதி, அந்த ரப்பரின் கலவையில். மெத்தென்ற ரப்பர், எண்பது டிகிரி போல நன்றாகச் சூடேறினால் தார் ரோட்டில் பசை மாதிரி ஒட்டும். உங்கள் வண்டியில் தேய்ந்துபோன டயர் அந்த ஜாதி இல்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கணும் என்று இறுக்கமாகச் செய்த ரப்பர் அது. வெயிலிலும் வயசிலும் இன்னும் இறுகியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் தேய்ந்த டயர் காய்ந்த ரோட்டில் புது டயரைவிட நன்றாகவே திரும்பும். உயரமான பட்டன் திருப்பத்தில் நெளியும், தேய்ந்தது நெளியாது. வெளிநாட்டில் போட்டிக்குப் போகிறவர்கள் புது டயரையே மெஷினில் கொடுத்துச் சீவிக்கொள்வதுண்டு. நம்ம பசங்க ஏமாறுவது இங்கேதான். "மொட்டை டயர்லயே சூப்பரா போகுதே!" போகும்... முதல் தூறல் விழுகிற வரைக்கும். தண்ணீரை வெளியே தள்ள பள்ளம் வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், கார் உங்கள் கையில் இருக்காது. காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

ரோடு பாடம் நடத்தும்!

சரி, வண்டியில் ஏறுங்கள். வேங்கிக்காலை விட்டு வடக்கே. கலசப்பாக்கம் தாண்டி போளூர் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை. இடது பக்கம் ஜவ்வாது மலை தூரத்தில் கூடவே வரும். போளூரில் அதை விட்டுப் பிரிந்து ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ரோட்டில் நெல் லாரிகள், எதிரே டவுன் பஸ், நடுவே ஆடு. அடுத்து செய்யாறு, காஞ்சிபுரம். இந்த வழியில் டயருக்குக் கிடைக்கிற அனுபவம் எந்த டிராக்கிலும் கிடைக்காது. ஒட்டுப்போட்ட தார், கிராமத்துக்குக் கிராமம் ஸ்பீடு பிரேக்கர், அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே காயப்போட்ட கதிர், ஏரிக்கரை வளைவில் சிதறிக் கிடக்கும் மண்.

பந்தயத்துக்கென்றே செய்த டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். அகலமான, பக்கவாட்டில் உயரம் குறைந்த டயரை மாட்டினால் ஒவ்வொரு பள்ளமும் நேராக ரிம்முக்குப் போகும். செய்யாறு போவதற்குள் ஒரு ரிம் வளைந்தால் டிராக் டே அங்கேயே முடிஞ்சுது. அதனால் முதல் சல்லடை இதுதான்: 160 கிலோமீட்டர் இந்த ரோட்டைத் தாங்காத டயர், எவ்வளவு வேகமான டயராக இருந்தாலும், உங்களுக்கான டயர் இல்லை.

காஞ்சிபுரம் தாண்டி சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ஹைவேயில் ஏறிவிட்டால் காட்சி மாறும். இது டயர் பெல்ட்! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், ஒரகடத்தில் அப்பல்லோ, இந்தப் பக்கம் அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில் மிஷெலின். எம்.ஆர்.எஃப். கதை தெரியுமோ? 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை ஆரம்பித்தது பலூன் கம்பெனி! குழந்தைகள் ஊதுகிற பலூன். 1952ல் ட்ரெட் ரப்பருக்கு வந்தார்கள். லாரிக்கு ரீட்ரெட் ஒட்டுகிற அதே சரக்கு. முழு டயர் அப்புறம்தான். வேங்கிக்காலில் பார்த்தோமே, அந்த லாரி டயர்... அதுதான் அந்தக் கம்பெனிக்கு ஆதி மூலம்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டை. சிப்காட், ஹூண்டாய் ஃபேக்டரி, அதையொட்டி நம்ம டிராக். 1953ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொத்து. அதற்கு முன்னால் ரேஸ் எல்லாம் சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ஓட்டினார்கள். 1990ல் இங்கே நிரந்தர டிராக் வந்தது. 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்கியூட் என்று பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் "ரேஸ் டிராக்" என்றால்தான் தெரியும்!

தம் பிரியாணியும் இன்ஸ்டன்ட் காபியும்

டிராக்கில் ஒரு செஷன் என்பது பெரும்பாலும் 15, 20 நிமிஷம். விடாமல் சுற்றுவீர்கள். முதல் சுற்றில் டயர் ஜில்லென்று இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டு மூன்று சுற்றில் சூடேறிப் பிடிக்கும். உங்களுக்கும் தைரியம் வரும். எட்டாவது சுற்றில் வெயிலும் சேர்ந்து டயர் கொதிக்கும்போது, அதே திருப்பத்தில் அதே வேகத்தில் கார் வழுக்க ஆரம்பிக்கும். ரொம்ப மெத்தென்ற டயரானால் இது சீக்கிரமே நடக்கும். மே மாதம் மதியம் இருங்காட்டுக்கோட்டையில் நின்றால் செருப்பே உருகும். டயர் என்ன செய்யும்? ஆக டிராக்குக்கு வேண்டியது சூட்டைத் தாங்கி நிதானமாக உழைக்கிற டயர். தம் பிரியாணி.

ஆட்டோகிராஸ் வேறு கதை. ஒரு காலி மைதானம் அல்லது பார்க்கிங் தளம். ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு வண்டி, போட்டி கடிகாரத்தோடு. ஒரு நிமிஷத்தில் ஆட்டம் ஓவர். கோனைத் தட்டினால் 2 செகண்ட் கூடிவிடும். இங்கே டயர் சூடேற நேரமே இல்லை. முதல் திருப்பத்திலேயே பிடிக்கணும். எனவே சூடே இல்லாமல் ஒட்டுகிற மெத்தென்ற ரப்பர். இன்ஸ்டன்ட் காபி! இந்த டயரைக் கொண்டுபோய் டிராக்கில் 20 நிமிஷம் ஓட்டினால் கூழாகிவிடும். டிராக் டயரைக் கொண்டுவந்து கோனுக்கு நடுவில் விட்டால் கல் மாதிரி வழுக்கும். "பெஸ்ட் டயர் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை நிமிஷம் ஓட்டப் போறீங்க என்பதுதான் எதிர்க்கேள்வி. இன்னொன்று, நம்ம நாட்டில் ஆட்டோகிராஸ் பல இடங்களில் மண் தரையில் நடக்கும். அங்கே இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மண்ணைக் கடித்து இழுக்க, இடைவெளி விட்ட பெரிய பட்டனோடு கொஞ்சம் ஒல்லியான டயர்தான் ராஜா.

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இந்த ஆட்டோகிராஸ் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது, தெரியுமா? வேங்கிக்காலிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, மஞ்சவாடி கணவாய் இறங்கி சேலம் வழியாக 300 கிலோமீட்டர் போல. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் பெயரில் இருக்கிற டிராக். ஒரு தலைமுறைக்கே ரேஸ் கார் கட்டிக் கொடுத்த மனுஷர். மாணவர்கள் தாங்களே டிசைன் பண்ணி, தாங்களே வெல்டிங் வைத்து, தாங்களே ஓட்டுகிற ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடக்கிறது. அதில் ஆட்டோகிராஸ் ஒரு தனிப் பரீட்சை. சுமார் 22 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் இன்னொரு பரீட்சை. ஒன்று காபி, ஒன்று பிரியாணி. ஆனால் இரண்டுக்கும் ஒரே வகை டயர்தான் போட்டாகணும்! ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிப்படி டயரை ஹீட்டர் வைத்துச் சூடாக்கக் கூடாது, ஒட்டுவதற்கு மருந்து தடவக் கூடாது. மழைக்குத் தனி செட் வேண்டும், அதில் பள்ளம் 2.4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த விதிகளை ஒரு தடவை உட்கார்ந்து படித்தால் டயரைப் பற்றி ஒரு செமஸ்டர் பாடம் முடிஞ்சுது.

டயருக்கும் ஜாதகம் உண்டு

கடைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

முதலில் பிறந்த தேதி. ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 1425 என்றால் 2025ம் வருஷத்தின் 14வது வாரம். இரண்டு வருஷம் கடையில் வெயில் காய்ந்த "புது" டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டே வேறு கேளுங்கள். அடுத்து, சைஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து, அதிகபட்ச வேகத்துக்கு. டி என்றால் 190, ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர். அவ்வளவு வேகம் யார் போகப் போறா என்கிறீர்களா? வேகத்துக்காக மட்டும் இல்லை. அந்த எழுத்து ஏற ஏற, சூட்டைத் தாங்குகிற கட்டுமானமும் ஏறும். டிராக்குக்கு அது முக்கியம்.

அப்புறம் ட்ரெட்வேர் எண். பல கார் டயர்களில் இருக்கும். அமெரிக்க அரசுக் கணக்கு. 100 என்பது அடிப்படை. 200 போட்டிருந்தால் சோதனையில் இரண்டு மடங்கு உழைத்தது என்று அர்த்தம். சாதாரண ஃபேமிலி கார் டயரில் 300, 400 என்று பார்க்கலாம். எண் குறையக் குறைய ரப்பர் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும், நன்றாகப் பிடிக்கும். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. நடத்துகிற ஆட்டோகிராஸில் ஸ்ட்ரீட் பிரிவுக்கு 200க்குக் கீழே இருக்கக் கூடாது என்றே விதி வைத்தார்கள். இல்லாவிட்டால் பர்ஸ் கனமானவன்தான் ஜெயிப்பான் என்பதால்! ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணை கம்பெனிகளே போட்டுக்கொள்கின்றன. ஒரு கம்பெனியின் 300ஐயும் இன்னொரு கம்பெனியின் 300ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இப்போ அந்த "பாதி விலை ஸ்லிக்ஸ்" மேட்டர். பார்க்க ரப்பர் நிறைய மிச்சம் இருக்கும். ஆனால் ரேஸ் டயர் ஒவ்வொரு தடவை கொதித்து ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். நேற்றைக்குச் சுட்ட பரோட்டாவை இன்றைக்குச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதேதான். பரோட்டாதான், ஆனால் பல்லு போயிடும். டீம்கள் அதைத் தள்ளிவிடுவது தேய்ந்ததால் இல்லை, ஆறிப்போனதால். அதைவிட முக்கியம், ஸ்லிக்கை மாட்டிக்கொண்டு பொது ரோட்டில் போகக் கூடாது. ஆரணியில் ஒரு மழை போதும். எங்கள் பஞ்சாயத்தில் இரண்டாவது ஆள் அவுட்.

முதல் ஆள்? முன்னாடி ரெண்டு மட்டும் நல்ல டயர். ஸ்விஃப்ட்டில் இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம். பிரேக் பாரத்தில் பெரும்பங்கும் அதற்குத்தான். அதனால் லாஜிக் சரி மாதிரி தெரியும். ஆனால் முன்னாடி பசை, பின்னாடி பழசு என்றால் வேகமான திருப்பத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கார் ஒரு பம்பரம் விடும். முன்னால் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னால் வழுக்கும்போது காலைப் பதறி எடுத்தால் இன்னும் மோசம். புதுசாக ஓட்ட வருகிற ஆளுக்கு இது வேண்டவே வேண்டாம். ரெண்டு டயர் மட்டும் வாங்குவதானால் நல்லதைப் பின்னால் போடு என்று டயர் கம்பெனிகளே சொல்வது இதனால்தான்.

ஆக, மூணாவது ஆள் ஜெயிச்சான். நாலும் ஒரே மாடல், ஒரே சைஸ், கம்பெனி சொன்ன அளவு, சமீபத்து தேதி, ரோட்டு டயர். அலைன்மென்ட், பேலன்சிங் போக மிச்சமிருந்த காசில் புது பிரேக் ஆயில். (டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பழைய பிரேக் ஆயில் டிராக் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நிக்காத வண்டிக்கு எந்த டயர் போட்டால் என்ன?)

சாதா டயரில் இன்னொரு லாபம் உண்டு. அது பேசும்! விளிம்புக்கு வரும்போது கீச்சென்று கத்தும். மெதுவாக விட்டுக்கொடுக்கும். நீங்கள் எங்கே தப்பு பண்ணுகிறீர்கள் என்று அடுத்த திருப்பத்துக்குள் சொல்லிவிடும். ஒட்டுகிற டயர் அப்படியில்லை. தப்பை எல்லாம் மறைத்து வைத்து, ஒரே ஒரு தடவை மொத்தமாகக் கணக்கு தீர்க்கும். டயரின் பிடியை வீட்டிலிருந்து வருகிற மாசப் பணம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கு முழுசும் செலவு பண்ணிவிட்டால் திருப்பத்துக்கு மிச்சம் இருக்காது. இந்த வரவு செலவைச் சாதா டயரில் கற்றுக்கொண்டவனிடம் காஸ்ட்லி டயரைக் கொடுத்தால் அவன் பறப்பான்.

காத்து... காசில்லாத ட்யூனிங்

22,000 ரூபாய் டயரைவிட அதிக வித்தியாசம் தருவது ஒரு நல்ல பிரஷர் கேஜ். டயருக்குள் வெப்பம் அஞ்சாறு டிகிரி ஏறினால் காத்து சுமார் ஒரு பவுண்டு ஏறும். காலையில் 32 வைத்து உள்ளே போனவர் வெளியே வரும்போது 38ல் வந்து நிற்பார். டயர் நடுவில் உப்பி, ஓரம் தரையைத் தொடாது. அதனால் செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்ததும், ஆறுவதற்குள் அளக்கணும். எழுதி வைக்கணும்.

சாக்பீஸ் வித்தை ஒன்று இருக்கிறது. டயரின் ஓரத்தில், பட்டன் முடிந்து பக்கச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில், சாக்பீஸால் மூணு நாலு குறுக்குக் கோடு போடுங்கள். பல டயர்களில் அங்கே ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். அந்தக் குறியைத் தாண்டி பக்கச் சுவர் வரைக்கும் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது. இரண்டு பவுண்டு ஏற்றுங்கள். பட்டன் ஓரத்திலேயே கோடு அழியாமல் இருந்தால் காத்து ஜாஸ்தி, குறையுங்கள். செலவு? கிளாஸ் ரூமில் சுட்ட ஒரு சாக்பீஸ்!

அஞ்சு பாயின்ட் வாங்கிக் கொடுத்த டயர்

டயரெல்லாம் ஒரு மேட்டரா என்று கேட்கிற நண்பனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 2005, ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அந்த வருஷம்தான் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் இறங்கின முதல் இந்தியர் ஆனார். ஜோர்டான் டீம், கடைசி வரிசைக் கார். சாய்வாகக் கட்டின 13வது திருப்பத்தில் மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. ப்ராக்டிஸிலேயே டயர் போய் ஒரு கார் சுவரில் மோதியது. அந்த வருஷ விதிப்படி ரேஸ் நடுவில் டயர் மாற்றுவதற்கும் தடை. கடைசியில் மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே ஆறு கார்கள்தான் ரேஸ் ஓட்டின. அதில் நரேன் நாலாவது! ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் வாங்கின முதல் பாயின்ட்கள் அவை. மிஷெலின் வேகமில்லாத டயரா? அந்த வருஷம் மற்ற எல்லா ரேஸிலும் அதுதான் ஜெயித்தது. அந்த ஒரு ரோட்டுக்கு, அந்த ஒரு நாளைக்கு, அது சரியான டயர் இல்லை. அவ்வளவுதான்.

பைக்காரர்களுக்கு...

கார் இல்லாத நமக்கு? இருங்காட்டுக்கோட்டையில் பைக்குக்கும் இடம் உண்டு. ஆனால் வேங்கிக்கால் ஸ்டைலில் பின்னால் மட்டும் குண்டு டயர் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ரிம் அகலத்துக்கு மீறின டயரை மாட்டினால் அதன் முதுகு கூன் விழுந்த மாதிரி குறுகி எழும்பும். பார்க்க கெத்து, சாய்க்கும்போது தரையைத் தொடுகிற ரப்பர் ஒழுங்காக உட்காராது, திரும்பவும் மந்தம். கம்பெனி சைஸில், முன்னும் பின்னும் ஜோடியாக, நல்ல ரேடியல் டயர் இருந்தால் போதும். பணம் குறைவென்றால் முதலில் முன் டயரைப் பாருங்கள். பின்னால் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன்னால் வழுக்கினால் பைக் கீழே, நீங்க அதுக்கும் கீழே.

இன்னொன்றும் சொல்லணும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பைபாஸில் பந்தயம் விடுகிற கோஷ்டி நம்ம ஊரிலும் உண்டு, உங்களுக்கும் தெரியும். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து போகிறவர்களுக்கு நடுவில் முறுக்குகிறவர்களும் உண்டு. டிராக்கில் விழுந்தால் சறுக்கிப் போக மண் மேடை, கொடி காட்ட ஆள், வாசலில் ஆம்புலன்ஸ். ரோட்டில் விழுந்தால் மீடியன் கல்லும் எதிரே வருகிற லாரியும். டயர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அப்புறம் அந்த நாலு பேர்? டிராக் டேயில் அவர்கள் ஸ்விஃப்ட்டை ஓவர்டேக் பண்ணாத வண்டி குறைவு! ஆனால் காலையில் ஓட்டினதைவிட மாலையில் 9 செகண்ட் வேகமாகச் சுற்றினார்கள், அதே டயரில். சாயங்காலம் கிளம்பும்போது வண்டிக்காரன் மட்டும் தனியாகப் போய் நாலு சக்கரத்துக்கும் காத்தை ரோட்டு அளவுக்கு மறுபடி வைத்தான், வீல் நட்டை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தான். காஞ்சிபுரம் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. செய்யாறு வரைக்கும் விடவில்லை. பின் சீட்டில் மூணு பேரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.